வழக்காடு மன்றமும் வழித்துணையும்

முன்னுரை

தொழில்களுள் நூலைப் படித்துக் கற்கத்தக்கவை சில. கற்றார் அருகிருந்து பழகிக் கற்கத்தக்கவை சில. வழக்கறிஞர் தொழில் இவ்விரண்டையும் ஒருசேர வேண்டி நிற்பது. சட்டக் கல்லூரி சட்டத்தைக் கற்பிக்கும். வழக்கு நடத்தும் முறையைக் கற்பிப்பது மூத்த வழக்கறிஞரின் அலுவலகமே. பிராது எழுதுதல், வக்காலத்துத் தாக்கல் செய்தல், வாய்தாவின் நுட்பம் அறிதல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல் முதலியன பாடநூலைப் படித்த அளவில் கைவருவன அல்ல. 'சீனியர்', 'ஜூனியர்' என்று நீதிமன்ற வளாகங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்கள், இத்தொழிலில் இன்றும் உயிரோடிருக்கும் குருகுல முறையைக் காட்டுகின்றன.

மாற்றுத்திறனாளிகள் இத்தொழிலுக்கு வருவதைப் பற்றிப் பேசுவோர் இடஒதுக்கீடு, உதவித்தொகை, சாய்தளப் பாதை ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசுகின்றனர். அவை யாவும் இன்றியமையாதனவே. ஆயினும், அவையெல்லாம் கிடைத்த பின்னரும் ஒரு கதவு மூடியே கிடக்கிறது. அக்கதவின் திறவுகோல் சட்டத்தின் கையில் இல்லை. மூத்த வழக்கறிஞரின் கையில் இருக்கிறது. இதனை விளக்கி, நம் கம்பம் பள்ளத்தாக்கில் செய்யத்தக்கவை யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளின் 45ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் பெயருடையது. அதிகாரத் தலைப்பில் 'துணை' என்னும் சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. துணை என்பது உடன் வருவது. இன்று ஆங்கில வழக்கில் 'மென்டர்' என்று கூறப்படுபவரை நாம் வழித்துணைவர் என்று அழைக்கலாம்.

சட்டம் திறந்துவிட்ட வாயில்கள்

சட்டம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்பதை முதற்கண் காண்போம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் இத்துறையில் இந்தியா கண்ட முதற்பெரும் சட்டமாகும். அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கப் பணிக்கிறது. ஒருவருடைய நிலைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்று கூறுகிறது. சட்டக் கல்லூரிகளில் இவ்விடங்கள் நிரப்பப்படாமையைச் சுட்டித் தொடரப்பட்ட வழக்கில், ஒதுக்கீட்டைக் கல்வி நிறுவனங்கள் தவறாது பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 15-12-2017 அன்று தீர்ப்பளித்தது.

நீதிபதி நாற்காலியைப் பொறுத்தவரை பாதை இத்துணை நேராக அமையவில்லை. 2009ஆம் ஆண்டில் பார்வையற்றவரான டி. சக்கரவர்த்தி கோவையில் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். தமிழகம் பெருமை கொண்ட நிகழ்ச்சி அது. ஆனால், 2014ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிபதி தேர்வில், பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்போரே விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. 70 விழுக்காடு குறைபாடுடைய அரசு உதவி வழக்கறிஞர் வி. சுரேந்திர மோகன் இதனை எதிர்த்து வழக்காடினார். 22-1-2019 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வரம்பை ஏற்றுத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடத் தகுதியுடைய ஒருவர், அதே நீதிமன்றத்தில் வாதத்தைக் கேட்டுத் தீர்ப்பளிக்கத் தகுதியற்றவராகக் கருதப்பட்டார்.

இரண்டு ஆண்டுகளில் நிலை மாறத் தொடங்கியது. 11-2-2021 அன்று விகாஷ் குமார் வழக்கில், தேர்வு எழுதச் சொல்வதை எழுதுபவரின் உதவி கோரும் உரிமையை நிலைநாட்டிய உச்ச நீதிமன்றம், நியாயமான வசதி என்னும் கோட்பாட்டைக் கருதாத முந்தைய தீர்ப்பு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கதன்று என்றும் கூறிற்று. பின்னர், 3-3-2025 அன்று, பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியை நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு நீக்கியது. பார்வையற்ற ஒருவரின் தாயார் எழுதிய கடிதமே அவ்வழக்கின் தோற்றுவாய் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

சட்டம் நுழையாத அறை

மேற்கூறிய வாயில்கள் அனைத்தும் திறந்தபின் எஞ்சி நிற்பது சீனியரின் அலுவலக அறை. அங்கே யாரை ஜூனியராக ஏற்பது என்பதைக் கட்டளையிடும் சட்டம் இல்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று முதலில் வகுத்திருந்தது. 1973ஆம் ஆண்டின் திருத்தம் அதனை நீக்கிற்று. இந்திய வழக்கறிஞர் மன்றம் 1995இல் ஓராண்டுப் பயிற்சியை மீண்டும் கட்டாயமாக்கி விதி வகுத்தது. அவ்வாறு விதிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை என்று 1999ஆம் ஆண்டு சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. ஆகவே, பயிற்சி என்பது எழுதப்பட்ட விதியாக இல்லாமல் தொழில் மரபாகவே நிலவுகிறது. மரபு என்பது பெரும்பாலும் அறிமுகத்தின் வழியே நடப்பது. தந்தை வழக்கறிஞராயின் மகனுக்கு இடம் உண்டு. உறவினர் சொன்னால் இடம் உண்டு. இவ்விரண்டும் இல்லாத கிராமத்து இளைஞர் பல படிகள் ஏறி இறங்க வேண்டும். அவர் மாற்றுத்திறனாளியாகவும் இருப்பின், அந்தப் படிகளே முதல் தடை.

20-5-2025 அன்று உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. தொடக்கநிலை நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்போர் மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருத்தல் வேண்டும் என்பதும், அதற்குப் பத்தாண்டு அனுபவமுடைய வழக்கறிஞரோ நீதிமன்றத் தலைமை அலுவலரோ சான்றளிக்கும் முறை வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். மார்ச் மாதத்தில் பார்வையற்றோருக்கு நீதிபதி பதவியின் கதவு திறந்தது. மே மாதத்தில் அக்கதவுக்குச் செல்லும் வழி மூத்த வழக்கறிஞரின் அறை வழியாகச் செல்வதாயிற்று. இவ்விதியில் பின்னர் எத்தகைய தளர்வு வரினும், அம்மூன்றாண்டுப் பழக்கம் தரும் பயனுக்கு ஈடாக வேறொன்று இல்லை. ஆகவே, ஜூனியராகச் சேர இடம் கிடைக்காத மாற்றுத்திறனாளிக்கு முன்னைய வெற்றிகள் காகித அளவிலேயே நின்றுவிடும்.

பொருள் நிலையும் எண்ணற்பாலது. தொடக்க ஆண்டுகளில் ஜூனியருக்கு ஊதியம் என்பது சீனியரின் மனத்தைப் பொறுத்தது. 2024 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஏனைய ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவு உதவித்தொகையாக வழங்க அறிவுறுத்துமாறு தமிழ்நாடு புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தைப் பணித்தது. மாற்றுத்திறனாளிக்கு ஆட்டோக் கூலி, வாசித்துக் காட்டுபவர்க்கு ஊதியம், கருவிச் செலவு எனப் பிறர்க்கில்லாத செலவுகள் உண்டு. உதவித்தொகையின்றி அவர் ஓராண்டு தாங்குவதும் அரிது.

பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு பயணம்

இதனை நம் ஊரை வைத்தே எண்ணிப் பார்ப்போம். முல்லைப் பெரியாற்றின் கரையில், தேனி நகரை ஒட்டிக் கம்பம் சாலையில் அமைந்தது பழனிசெட்டிபட்டி. அவ்வூரில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் சட்டம் பயில விரும்புகிறார் எனக் கொள்வோம். ஒரு தலைமுறைக்கு முன் அவர் மதுரைக்கோ சென்னைக்கோ சென்றிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி உண்டு. மேல்முறையீடுகளுக்குச் சென்னை செல்லும் தேவையும் 24-7-2004 அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டதோடு குறைந்தது. தொலைவு குறைந்துவிட்டது.

அவர் பட்டம் பெற்றுப் பதிவும் செய்துகொள்கிறார். இனிக் காலையில் பேருந்தேறித் தேனி நகரைக் கடந்து, பெரியகுளம் சாலையில் இலட்சுமிபுரத்திலுள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குச் செல்ல வேண்டும். அதற்கும் முன்பாக, 'என் அலுவலகத்துக்கு வா' என்று ஒரு சீனியர் சொல்ல வேண்டும். அச்சீனியர் தீய எண்ணம் உடையவராக இருக்க வேண்டியதில்லை. 'கட்டை எப்படிப் படிப்பார்? பத்திரத்தை எப்படிப் பார்ப்பார்? கட்சிக்காரர் என்ன நினைப்பார்?' என்னும் மூன்று வினாக்கள் அவர் உள்ளத்தில் எழும். விடை தெரியாமையால் அவர் தயங்குவார். அத்தயக்கம் பணிவான மறுப்பாக வெளிப்படும்.

அவ்வினாக்களுக்கு விடை உண்டு. கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. 'என்விடிஏ' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆனால், பக்கத்தைப் படமாக மட்டும் எடுத்து வைத்த கோப்பை இம்மென்பொருளால் படிக்க இயலாது. எழுத்தாக மாற்றப்பட்ட கோப்பே வேண்டும். கையெழுத்துப் பத்திரம், பழைய அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றுக்கு மனிதத் துணை தேவை. இதனை அறிந்த சீனியர் தம் குமாஸ்தாவிடம், 'இந்தக் கட்டை எழுத்தாக்கி வை. வரைபடத்தை வாயால் விளக்கு' என்று ஒரு வரி சொன்னால் போதும். கட்சிக்காரர் என்ன நினைப்பார் என்னும் மூன்றாம் வினாவுக்கும் சீனியரே விடை. அவர் தம் ஜூனியரை மதிக்கும் அளவிலேயே கட்சிக்காரரும் மதிப்பார்.

குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை

திருக்குறளின் பொருட்பாலில் 71, 72, 73 ஆகிய அதிகாரங்கள் முறையே குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை எனத் தொடர்ந்து அமைந்துள்ளன. வழித்துணைவர் கற்பிக்க வேண்டியவற்றை இம்மூன்று தலைப்பிலும் அடக்கலாம்.

முதலாவது குறிப்பறிதல். நீதிபதி தலையசைக்கிறாரா, கடிகாரத்தைப் பார்க்கிறாரா, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எந்த ஆவணத்தை நீட்டுகிறார், கூண்டில் நிற்கும் சாட்சி யாரைப் பார்த்து விழிக்கிறார் என்பவை வாதத்தின் போக்கை மாற்றும் குறிப்புகள். பார்வையற்ற வழக்கறிஞருக்கு இவற்றை அருகிருந்து தாழ்ந்த குரலில் கூறுவார் ஒருவர் வேண்டும். நாளடைவில் குரலின் ஏற்ற இறக்கத்தாலும், தாள் புரளும் ஓசையாலும், விடைக்கு முன் விழும் இடைவெளியாலும் அவரே பலவற்றை உணரப் பழகுவார். அப்பழக்கம் வரும்வரை துணை வேண்டும்.

இரண்டாவது அவையறிதல். எந்த நீதிமன்றம் எந்தத் தளத்தில் உள்ளது, சக்கர நாற்காலி செல்லும் வழி எது, மாடியிலுள்ள வழக்கைத் தரைத்தளத்தில் எடுக்குமாறு யாரிடம் எவ்வாறு வேண்டுவது, காணொளி வழியாக எப்போது வாதிடலாம் என்பவை எந்த நூலிலும் இல்லாத அறிவு. மூத்தவர் சொல்லித் தெரிய வேண்டியவை.

மூன்றாவது அவையஞ்சாமை. இதற்குச் சான்றாகச் செவித்திறன் குறைந்த வழக்கறிஞர் சாரா சன்னியைக் கூறலாம். பெங்களூருவைச் சேர்ந்த அவர், 2023 செப்டம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் அமர்வின் முன் காணொளி வழியாகத் தோன்றினார். சைகைமொழி பெயர்ப்பாளர் வழக்குரைகளைச் சைகையால் உணர்த்த, அவர் பங்கேற்றார். வழக்கறிஞர் சஞ்சிதா ஐன் முன்னின்று வேண்டியதால் அவ்வசதி கிடைத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தானே ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. ஒருவர் மற்றொருவருக்காகக் கேட்ட வசதி, நீதிமன்றத்தின் வழக்கமாக மாறத் தொடங்கிய விதம் இது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரக்கத்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் சீனியர், ஜூனியரை மூலையில் அமர்த்தி, 'நீ சிரமப்படாதே. இருந்து படி' என்பார். ஐந்தாண்டு கழித்து அந்த ஜூனியருக்கு ஒரு சாட்சியையும் விசாரித்த பழக்கம் இராது. உண்மையான வழித்துணைவர் வழக்குக் கட்டைக் கையில் கொடுப்பார். பிழை செய்தால் பிறரைக் கடிவது போலவே கடிவார். அடுத்த நாளும் கட்டைக் கொடுப்பார்.

துணை பெற்றோரும் துணை ஆனோரும்

தமிழிலக்கிய வரலாறு இதற்கு ஓர் அரிய சான்று வைத்திருக்கிறது. இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவருள் ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். ஒருவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்ட ஊர் ஊராகச் சென்றனர். ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தனர் என்பது வழிவழிச் செய்தி. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்தம் கொடை. மலைக்கு அப்பாலுள்ள பழனியில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே பார்வை இழந்தவர். பிறர் படிக்கக் கேட்டே பெரும்புலவரானவர்.

சட்ட உலகிலும் இத்தகைய சான்றுகள் உள. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் போ தெருவில் நீதிபதியாக இருந்த ஜான் ஃபீல்டிங் 19ஆம் வயதில் பார்வை இழந்தவர். நாவலாசிரியரும் நீதிபதியுமான, ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த அவருடைய அண்ணன் ஹென்றி ஃபீல்டிங் அவருக்குச் சட்டம் கற்பித்துத் தம்முடன் உதவியாளராக வைத்துக்கொண்டார். 1754இல் அண்ணன் மறைந்தபின் தம்பி அப்பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். குற்றவாளிகள் பலரைக் குரலாலேயே அடையாளம் காண்பார் என்று புகழ்பெற்றார்.

அமெரிக்காவில், பார்வையற்ற கணித ஆசிரியரான நியூவெல் பெர்ரி, கலிஃபோர்னியாவின் பார்வையற்றோர் பள்ளியில் 1912 முதல் 1947 வரை பணியாற்றினார். பள்ளியோடு நில்லாது, மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவோர்க்கு ஊதியம் கிடைக்கவும் பாடுபட்டார். அவரிடம் பயின்ற ஜேக்கபஸ் டென்புரூக் அரசமைப்புச் சட்ட அறிஞரானார்; 1940இல் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பை நிறுவினார்; உலகில் வாழும் உரிமை பற்றி 1966இல் அவர் எழுதிய சட்டக் கட்டுரை இன்றும் பயிலப்படுகிறது.

நம் நாட்டில், சாதன் குப்தா குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வை இழந்து, பாரிஸ்டராகி, 1953இல் மக்களவை உறுப்பினராகி, 1986இல் மேற்கு வங்க அரசின் தலைமை வழக்கறிஞரானார். பார்வையற்ற வழக்கறிஞர் எஸ்.கே. ருங்டாவை 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் மூத்த வழக்கறிஞராக அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, 16 மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சலால் பார்வை இழந்த சாக் யாக்கூப், 1998 முதல் 2013 வரை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார்.

துணை ஆனோருள் நாம் மறக்கலாகாதவர் கேரளத்தின் கொல்லத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஷம்னாத் பஷீர். சட்டக் கல்வி வசதி படைத்தோர்க்கே உரியதாக இருத்தல் கூடாது என்று கருதி, 2010இல் 'இடியா' என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஏழை மாணவரையும் மாற்றுத்திறனாளி மாணவரையும் தேடிக் கண்டு, தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றி, நுழைந்த பின்னும் வழித்துணைவரை அமர்த்தித் தருவது அதன் பணி. 2019இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி தொடர்கிறது.

நம்மால் இயன்றவை

இப்பள்ளத்தாக்கு மக்கள் வழக்கறிஞரின் அருமையை அறிந்தவர்கள். முல்லைப் பெரியாற்று நீருரிமை 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் காக்கப்பட்டதை நம் உழவர் எவரும் மறவார். ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் சென்று திரும்பும் தொழிலாளர், விபத்தில் உறுப்பிழந்து இழப்பீடு கோரி நீதிமன்றப் படியேறுவதும் நாம் காண்பதே. மாற்றுத்திறனாளிகளை நம் நீதிமன்றங்கள் மனுதாரராகவே கண்டு பழகியுள்ளன. வழக்கறிஞராகவும் காண வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கூறுகிறது. அவ்வுதவியை வழங்குவோர் வரிசையிலும் அவர்கள் இடம்பெறுதல் முறையன்றோ?

வழக்கறிஞர் சங்கங்கள், ஆண்டுக்கு ஒருவரையேனும் ஜூனியராக ஏற்க முன்வரும் சீனியர்களின் பட்டியலைச் சட்டக் கல்லூரியிடம் கொடுக்கலாம். பெரியகுளம், உத்தமபாளையம், போடி, ஆண்டிபட்டி நீதிமன்றங்களின் மூத்தோர் இதில் இணையலாம். அருகில் தக்கார் இல்லையெனின், வெளியூரில் பணியாற்றும் மாற்றுத்திறனாளி வழக்கறிஞர் ஒருவர் வாரம் ஒருமுறை தொலைபேசி வழியே துணை நிற்கலாம். உள்ளூர்ச் சீனியர் தொழிலைக் கற்பிப்பார்; வெளியூர் வழக்கறிஞர், தாம் தடைகளைத் தாண்டிய வகையைக் கூறுவார்.

கல்லூரிகள், மாணவர் பட்டப்படிப்பில் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்கலாம். நம் தமிழ்த்துறை மாணவர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சட்ட நூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால், அது தமிழுக்கும் தொண்டு, சட்டத்துக்கும் தொண்டு. தேர்வில் சொல்வதை எழுதும் பணிக்கும் நம் மாணவரே முன்வரலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளும் ஊர்ப் பெரியோரும் கல்விக்கு உதவுவதில் என்றும் பின்தங்கியவர் அல்லர். ஆனால், பெரும்பாலான உதவித்தொகை பட்டம் பெறும் நாளோடு நின்றுவிடுகிறது. சட்டம் பயின்ற மாற்றுத்திறனாளிக்கு உண்மையான நெருக்கடி அதன் மறுநாள்தான் தொடங்குகிறது. பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு என்று உதவியை நீட்டித்தால், ஒரு வழக்கறிஞர் தொழிலைவிட்டு விலகாமல் காக்கலாம்.

மாற்றுத்திறனாளி மாணவர்க்கும் ஒரு சொல். தமக்கு வேண்டுவது இன்னதென்று தெளிவாகக் கேட்கப் பழகுதல் வேண்டும். 'எனக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதினும், 'இந்தக் கட்டை எழுத்துக் கோப்பாகத் தாருங்கள். நாளை மறுநாள் குறிப்புரையோடு வருகிறேன்' என்று கேட்பது சீனியரின் தயக்கத்தைப் போக்கும். தமக்காக வாதிடத் தெரிதலே வழக்கறிஞரின் முதற்பாடம்.

முடிவுரை

ஜான் ஃபீல்டிங் முதல் சாரா சன்னி வரை மேலே கண்ட வரலாறுகள் பலவற்றில் சட்டத்தின் துணையோடு ஒரு மனிதரின் துணையும் இருந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். உச்ச நீதிமன்றம் விதியை நீக்கலாம். 'நாளை காலை ஒன்பது மணிக்கு என் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்' என்று சொல்ல இலட்சுமிபுரத்திலோ உத்தமபாளையத்திலோ ஒரு சீனியர் வேண்டும். இவ்விதழைப் படிக்கும் வழக்கறிஞர் பெருமக்களுள் ஒருவர் இவ்வாண்டு அச்சொல்லைச் சொல்வாராயின், பள்ளத்தாக்கின் ஏதோ ஓர் ஊரில் கருப்பு அங்கி ஒன்று தைக்கக் கொடுக்கப்படும்.